எந்தச் சங்கு?

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து மழை. கியா பார்ம் சந்தையில், எங்கள் காய்கறிக் கடையில் ஆள் இல்லை. ஸ்ட்ராபெரி பாதி அழுகல். தொண்டை கட்டு, மிளகு ரசம் வைக்கணும்.

சசி மிக்ஸ் அனுப்பிவிட்டான். எங்கள் ஆல்பத்தின் நாலாவது பாட்டு. ராப் என்னுது, சாக்ஸபோன் அவனுது. 'சங்கு ஊதுது, எந்திரி' என்று ஆரம்பம். எங்கள் தேயிலை எஸ்டேட்டில் சங்கு என்றால் பேக்டரி சைரன். விடியுமுன் ஊதும். காய்ச்சலோ தலைவலியோ, எழுந்து ஓடணும். இவன் போட்டிருப்பது கோயில் சங்கு. கூடவே தம்புரா, மணி. மூணாவது சரணம், அம்மா காய்ச்சலோடு கொழுந்தெடுக்கப் போய்ச் சரிவில் விழுந்த கதை, மொத்தமாகக் காணோம். அந்த இடத்தில் சாக்ஸபோனை இழு இழு என்று இழுக்கிறான்.

நாளைக்குப் போன் போட்டுக் கேட்கணும்.

நவ. 7, வெள்ளி

மழை விட்டது. முட்டைக்கோஸ் லோரி லேட்.

சசிக்குப் போன் செய்தேன். கோலாலம்பூர்க்காரன், இங்கே டிஸ்ட்ரிக்ட் ஆபீசுக்கு மாற்றலாகி வந்தவன். சைரனுக்குத் தூரத்தில் வளர்ந்த பிள்ளை.

"சங்குன்னா சாமி விஷயம்னு நெனச்சேன்லா. ஸ்பிரிச்சுவல் ஜாஸ்தானே பண்றோம்?"

"சைரன்டா அது."

"கேக்கறவனுக்குத் தெரியவா போவுது? அந்த மூணாவது சரணம் ரொம்ப கோவமா இருக்கு. மூடு கெட்டுப்போவுது."

அவன் மூடு. திங்கள்கிழமை ஆல்பம் வெளியாகிறதாம். அட்டையில் என் பேரைப் பெரிசாய்ப் போடுகிறானாம். நாக்கை வெட்டிவிட்டுப் பேரை வைத்து என்ன செய்ய.

நவ. 8, சனி

பனி. எதிரில் வருகிற ஆள் தெரியவில்லை. இருட்டோடு பேக்டரி கேட்டுக்குப் போய் சைரனைப் போனில் பிடித்தேன். கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா சிரித்தார். "என்னம்மா, சங்கையா படம் புடிக்கிற?"

சசிக்கு அனுப்பினேன். இதுதான் சங்கு, இதைப் போடு, என் சரணத்தைத் திருப்பி வை என்று.

பதில்: "செம. சாக்ஸோட சுருதி சேருது. கோயில் சங்குக்கு அடியில மெதுவா வச்சிர்றேன். அழகா இருக்கும்."

சரணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அழகாம். அவன் தலையில் இடி விழ.

நவ. 9, ஞாயிறு

வெயில். துணி துவைத்தாச்சு. கோழிக்குழம்பு.

சசியின் மிக்ஸை அம்மாவுக்குப் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள். "கோயில்ல உக்காந்த மாதிரி இருக்குடி. நல்லாத்தான இருக்கு." அவளுமா. ஆத்திரத்தில் அறைக்குள் போய், நேற்றுப் பிடித்த சைரனை ஸ்பீக்கரில் சத்தமாக ஓடவிட்டேன்.

வெளியே தட்டு நகரும் சத்தம். எட்டிப் பார்த்தேன். அம்மா கையைக் கழுவிவிட்டாள். தலைத்துணியை எடுத்துக் கட்டுகிறாள். பின்வாசலில் பூட்ஸைத் தேடுகிறாள். சைரனை நிறுத்தினேன். தலைத்துணியை அவிழ்த்தாள்.

"அட, இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்ல" என்று சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

அவள் வேலையை விட்டு மூணு வருஷம்.

சசிக்கு எழுதினேன்: என் குரலை எடுத்துவிட்டு வெளியிடு. உன் சங்கை நீயே ஊதிக்கொள்.