நான் முந்திக் கேட்ட மன்னிப்பு

ஓகஸ்ட் 14, வெள்ளி

இன்று பின்னேரம் கல்லூரியில் மகள் அபிராவுக்கு விசாரணை. போன கிழமை கால்பந்துப் போட்டியில் அவள் காலால் தட்டி விழுத்தியதில் எதிரணிப் பிள்ளையின் கணுக்கால் முறிந்துவிட்டது. அதிபரும் அவளுடைய அணியின் கோச்சும் இருந்தார்கள்.

என்ன நடந்தது என்று அதிபர் அபிராவைத்தான் கேட்டார். அவள் வாய் திறக்கும் முன் நான் எழும்பி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பெரியவர்களுக்கு முன்னால் பிள்ளை எதிர்த்துக் கதைத்துவிடுமோ என்ற பயம். என் வாயை என்ன செய்ய!

"கோச்சிட்டயும் சொறி சொல்லு" என்றேன்.

"அவரிட்டயோ?" என்று என்னையே பார்த்தாள். பிறகு மன்னிப்புக் கேட்டாள். சீசன் முடியும்வரை அவள் விளையாடக்கூடாது என்று அதிபர் முடிவு சொன்னார். கோச்சை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

எப்போதும் இங்கிலீசில் பதில் சொல்கிறவள், ஏவன்டேலில் வீட்டு வாசலில் நான் காரை நிறுத்தியதும் தமிழில், சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னாள்: "அம்மா, இடைவேளையில அவர்தான் அந்தப் பிள்ளையின்ர காலுக்கு அடிக்கச் சொன்னவர். மற்றப் பிள்ளையளும் கேட்டவை."

"அதை ஏன் அங்க சொல்லேல்ல?"

"நீங்கள் விட்டனீங்களோ?"

சாப்பிடாமல் படுத்துவிட்டாள். திங்கட்கிழமை அதிபரிடம் போகலாம். போய், மன்னிப்பை எப்படித் திருப்பி வாங்குவது?

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கோச் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்து நன்றி சொன்னார். எவ்வளவு பண்பான மனிதர் என்று நினைத்தேன்.