சகல புனிதர் நாளில் இடிந்த நகரம்

அக்கா,

கீழ் ஃப்ளாட்டு மலையாளிக் குடும்பம் பால்கனியில் அடுப்பு வைத்து மத்தி சுடுகிறது. நம் ஊர்ச் சாளைதான். ஜூன் மாதப் புழுக்கத்தில் அந்த வாசம் ஜன்னலிலேயே தங்கிவிட்டது. டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் இருந்திருந்தால், "இந்நேரம் லிஸ்பன்ல தெருவுக்குத் தெரு இந்த மணந்தான் பிள்ள" என்று சொல்லியிருப்பீர்கள்.

அஜ்மானில் இதே அறையில்தான் நாம் இருவரும் இருந்தோம். எனக்கு ஷார்ஜாவில் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை. உங்களுக்கு துபாய் ஜுமைராவில் ஒரு வீட்டில், இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்த ஒரு போர்த்துகீசிய அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வேலை. அந்த அம்மாவின் மகன் இங்கே பொறியாளர். நீங்கள் 'மதர்' என்று கூப்பிடும் அந்த அம்மாவுக்குத் தன் ஊரைப் பற்றிப் பேசாமல் ஒரு நாள் போகாது. இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். அவர் சொன்னதையெல்லாம் சாயங்காலம் நீங்கள் சோறு வடித்துக்கொண்டே எனக்குச் சொல்வீர்கள். வீட்டுச் சுவர்களுக்கு வெளிப்பக்கம் நீல ஓடு பதித்திருப்பார்களாம். மேட்டுத் தெருக்களில் டிராம் வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுமாம். ஜூனில் அந்தோனியார் திருநாளுக்குத் தெருவில் அடுப்பு மூட்டி ஊரே சாளை சுடுமாம்.

"பதுவை அந்தோனியார்னு பேருதான். ஆளு லிஸ்பன்காரரு, தெரியுமா?" என்று ஏதோ உங்கள் ஊர்க்காரரைப் போலப் பெருமையாகச் சொன்னீர்கள்.

சுனாமி வந்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அம்மாவும், ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த உங்கள் ஒரே மகளும் பூசை முடிந்து கடற்கரை வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள். நீங்கள் ஜுமைராவில் மதருக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். டிக்கெட் கிடைத்து நீங்கள் ஊர் போய்ச் சேருவதற்குள், எல்லோரோடும் சேர்த்து அவர்களையும் ஒரே குழியில் அடக்கிவிட்டார்கள். உங்கள் வீட்டுக்காரரோ அதற்கு முன்பே கடலுக்குப் போய்த் திரும்பாதவர். வேறு யாருமில்லாத ஊரிலிருந்து ஒரு மாதத்தில் திரும்பி வந்தீர்கள்.

கராமாவில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு உங்களை ஆறுதலுக்காக அழைத்துப் போனேன். கடற்கரைச் சனத்தின் பாவத்துக்குத்தான் கடல் வந்தது என்று பிரசங்கம் செய்தவர் சொன்னார். நீங்கள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனீர்கள். அதன்பிறகு, இங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் வரவில்லை.

சில வாரம் கழித்து நீங்களாகவே பேச ஆரம்பித்தீர்கள். "மதருட்ட எல்லாத்தையும் சொன்னேன். பொறவு அவ்வொ ஊர்க்கதையச் சொன்னாவ. பழைய காலத்துல, சகல புனிதர் திருநாள் அன்னைக்குக் காலையில, சனமெல்லாம் கோயில்ல பூசையில நிக்கும்போ பூமி குலுங்கிச்சாம். கோயிலெல்லாம் அவங்க தலையிலேயே விழுந்திச்சாம். எரிஞ்சிட்டிருந்த மெழுகுதிரியெல்லாம் சாஞ்சி ஊரே தீப்பிடிச்சிச்சாம். தப்பிச்சவங்க ஆத்தங்கரைக்கு ஓடுனாவளாம். அங்க தண்ணி உள்ள போயி, அடியில கெடந்த பழைய கப்பலெல்லாம் தெரிஞ்சிச்சாம். சனம் வேடிக்க பாத்துட்டு நின்னிச்சாம்."

அங்கே நிறுத்தினீர்கள். பானையை இறக்கி வைத்தீர்கள்.

"எம் பிள்ளையும் தண்ணி உள்ள போனதப் பாத்து சிப்பி பொறுக்கத்தான் எறங்குனாளாம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னா."

நான் அடுப்பை அணைத்தேன். நீங்கள் கதையை விடவில்லை. "அங்கயும் சாமியாருங்க பாவம்னுதான் சொன்னாவளாம். ஆனா கோயிலெல்லாம் இடிஞ்சி, கெட்ட பொம்பளைங்க இருந்த தெரு அப்படியே தப்பிச்சிச்சாம். மறுநாளு கல்லறைத் திருநாளு. யாரு இருந்தா, மெழுகுதிரி ஏத்தி வைக்க?"

அன்றிலிருந்து லிஸ்பன் உங்களைப் பிடித்துக்கொண்டது. இடிந்த கோயில்களில் ஒன்றைக் கூரை போடாமல் இன்றும் அப்படியே விட்டிருக்கிறார்களாம். தூண்களுக்கு மேலே வானம்தான். அங்கே போய் நிற்க வேண்டும் என்றீர்கள். "ஜெபிக்கவா அக்கா?" என்று கேட்டேன். "இல்ல. சும்மா நிக்கணும்."

வழியும் வந்தது. மதர் சொந்த ஊரில் சாக ஆசைப்பட்டார். மகன் உங்களையும் துணைக்கு அழைத்துப் போக விண்ணப்பித்தார். நீங்கள் கம்பளி ஸ்வெட்டர்கூட வாங்கினீர்கள். விசா கேட்கப் போன இடத்தில், திரும்பிப் போகக் குடும்பம் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். விசா கிடைக்கவில்லை.

"ஆளில்லாதவ திரும்பி வரமாட்டான்னு நெனச்சிருப்பாவ பிள்ள."

"இருக்காங்கன்னு சொல்லியிருக்கலாமே அக்கா."

"எம் பிள்ள இருக்கான்னா? சொன்னா நானே நம்பிருவேன்."

மதர் வேறொரு நர்ஸோடு போனார். நீங்கள் இன்னொரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். ஒரு வருஷம் கழித்து, துவைக்கப் போட்டிருந்த உங்கள் நைட்டியில் மார்புப் பக்கம் கறையைப் பார்த்தேன். எத்தனை நாளாக என்று கேட்டேன். "மதர் போனதுலேர்ந்து." நீங்கள் ஒரு நர்ஸ், அக்கா. கட்டி என்றால் என்ன என்று எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னவர். "தெரிஞ்சுமா?" என்றேன். "தெரிஞ்சுதான்" என்றீர்கள்.

உங்கள் வேலை விசாவைக் கேன்சல் செய்து, நாகர்கோவில் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் இல்லத்துக்கு அனுப்பி வைத்தேன். கடைசியாகப் போனில் பேசியபோது குரல் நூலாக இருந்தது. "நான் போனா, யாரும் கடவுள் சித்தம்னு சொல்லக் கூடாது, கேட்டியா? சொன்னா எந்திரிச்சி வந்துருவேன்." இருவரும் சிரித்தோம். எனக்கு லீவு கிடைப்பதற்குள் போய்விட்டீர்கள். அடக்கப் பூசையை ஒரு சிஸ்டர் போனைப் பிடித்துக் கேட்க வைத்தார். பிரசங்கத்தில் சாமியார் அதையேதான் சொன்னார். நீங்கள் எழுந்து வரவில்லை.

போன வாரம் எங்கள் வார்டில் ஒரு பாகிஸ்தானிப் பெண்ணின் குழந்தை இறந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கியோன், சிஸ்டர்?" என்று கேட்டாள். ஏன் என்று. முன்பென்றால் கடவுள் சித்தம் என்று எனக்குப் பழகிப்போன ஒரு பதில் இருந்தது. எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருக்கிறேன். இப்போது அது வாயில் வருவதில்லை அக்கா. அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் பிடித்த கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.