பாடத்துக்கு வரைந்த கை

அன்பான அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்பிடுறேன், நம்பு. நீயும் அப்பாவும் எப்படி இருக்கீங்க?

இங்கே காலேஜ் பாடத்துல பாதி வகுப்புல, மீதி கம்ப்யூட்டர்ல. அந்த மீதிக்குப் படம் வரையறதுதான் என் வேலைன்னு உனக்குத் தெரியுமே. போன வாரம் நர்சிங் பாடத்துக்கு, நாடி பார்க்கிற இடத்தைக் காட்ட ஒரு கை வேணும்னாங்க. நீ புது வளையல் போட்டு அனுப்பின போட்டோவைப் பார்த்து, வளையலை மட்டும் விட்டுட்டு உன் கையையே வரைஞ்சேன். முந்நூறு பிள்ளைங்க உன் கையைப் பிடிச்சுப் படிக்கட்டும்னு எனக்கு ஒரே பெருமை!

நர்சிங் மேடம் பார்த்துட்டு, "அச்சு அசலா இருக்கு. ஆனா இது மூட்டுவாதம் வந்த கையாச்சே? விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கு பாருங்க"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னுது. ஒவ்வொரு வீக்கத்துக்கும் நிழல் போட்டது நான்தான். ஆனா கண்ணுல படலை.

போன்ல கேட்டா, "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்"னு சிரிச்சு மழுப்பிடுவே. அதான் எழுதுறேன். இடது கையையும் போட்டோ எடுத்து அனுப்பு. வேலைக்கு இல்லை, எனக்கு.

வேலைக்குப் போக பஸ் வந்துடும், முடிச்சுக்கறேன். பாடத்துக்கு வேற கை வரைஞ்சு கொடுத்துட்டேன். உன் கையைத் திருத்த எனக்கு மனசு வரலை, அதை டாக்டர் பார்க்கட்டும். நாளைக்கே போம்மா.

உன் மகள்