லியனார்டின் கோப்பைக்கு ஒரு மணி

2 மார்ச் 1999, செவ்வாய்

இன்று பத்திரிகையின் முதல் பக்கம் முழுவதையும் நானே லியனார்டுக்குப் படித்துக் காட்டினேன். நின்று நின்றுதான். நான் ஒரு வரியின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனே மீதியைச் சொல்லிவிடுகிறான். "நீ பழைய எஞ்சின் மாதிரி லா. தண்ணி பிடிக்க எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கிற" என்றான்.

சிரிக்கட்டும். அறுபத்தொன்பது வயதில் சீதாலெட்சுமி டீச்சர் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டியது இவனுக்காகத்தானே. அவனுக்குக் கண் இருந்த காலத்தில் அவன்தான் எங்களுக்குப் படிப்பான். அவன் சரக்கு ஷெட்டில் கிளார்க். நான் செந்தூல் ரயில்வே பட்டறையில் தகர வேலை, சிக்னல் விளக்குகளுக்கு ஈயம் பற்றவைப்பேன். மாலையில் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையில் அவன் பத்திரிகையை விரித்தால் ஆறேழு பேர் சுற்றி நிற்போம். 74-ல் ஒருநாள், தகர வேலைக்காரர்களுக்கு இலவசமாகக் காலில் போட ஒரு ஜோடி சப்பாத்து என்று படித்தான். மறுநாள் நான் ஸ்டோருக்குப் போய்க் கேட்டேன். பட்டறையே சிரித்தது. பத்திரிகையில் அப்படி ஒன்றும் இல்லை.

அப்போது கோபம் வந்தது. இப்போது நினைத்தால் இனிக்கிறது.

5 மார்ச், வெள்ளி

லியனார்டின் இடது கை வெந்துவிட்டது. கோப்பைக்குள் விரலை விட்டு அளவு பார்த்துத்தான் தேநீர் ஊற்றுவான். இன்று கெட்டிலின் மூக்கு கொஞ்சம் விலகிவிட்டது. கிளினிக்கில் மருந்து போட்டுக் கட்டினார்கள்.

7 மார்ச், ஞாயிறு

லியனார்டின் தங்கை மகன் வாசு காஜாங்கிலிருந்து வந்தான். நல்ல பையன். கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கட்டினான். பிறகு, ஈஸ்டரோடு இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மாமா தன்னோடு வந்துவிட வேண்டும் என்றான். அவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அங்கே பகல் முழுக்கப் பூட்டிய கேட்டுக்குள் லியனார்ட் தனியாக இருக்க வேண்டும். இங்கே மாதா கோயிலுக்கும் கடைக்கும் என் வீட்டுக்கும் கைத்தடியோடு தனியாகப் போகிறவன்.

வாசலில் வாசு என்னிடம் சொன்னான்: "அங்கிள், அடுத்த தடவை அடுப்பே பிடிச்சா நான் என்ன செய்வேன்?"

அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் லியனார்ட் போய்விட்டால் நான் யாருக்குப் படிப்பது?

13 மார்ச், சனி

என் மகள் உர்சுலா ஒரு மணி செய்திருக்கிறாள். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டு பழுது பார்க்கிறவள். தீப்பெட்டி அளவு பெட்டி, அதிலிருந்து இரண்டு கம்பி. பெட்டியைக் கோப்பை விளிம்பில் மாட்டினால் கம்பிகள் உள்ளே தொங்கும். தேநீர் ஏறி வந்து கம்பிகளைத் தொட்டதும் 'கீங்' என்கிறது. இனி விரலை உள்ளே விட வேண்டாம்.

சத்தம் நன்றாகக் கேட்டது. ஆனால் கெட்டில் இலேசாக இடித்ததும் பெட்டியின் கனத்தில் கோப்பையே சாய்ந்துவிட்டது. லியனார்டிடம் பெரிய கோப்பை வாங்கச் சொன்னோம். ரயில்வேயில் கொடுத்த எனாமல் கோப்பையை விடமாட்டானாம்.

14 மார்ச், ஞாயிறு

கோயில் முடிந்ததும் உர்சுலா மணிக்குள் வைக்கிற எலெக்ட்ரானிக் சிப்புகள் மூன்றை லியனார்டின் உள்ளங்கையில் வைத்தாள். மூன்றும் ஒரே வேலை செய்பவை, உருவம்தான் வேறு. முதலாவதற்கு இரண்டு பக்கமும் தடித்த கால்கள், பூரான் போல. நேற்றைய பெட்டியில் இருந்தது அதுதான். இரண்டாவதற்குக் கால்கள் மயிர் போல. மூன்றாவது துவரம்பருப்பு அளவு, கால்களே இல்லை.

"மூணாவது எங்கம்மா?"

"உங்க கையிலதான் இருக்கு அங்கிள்."

தடவித் தடவிக் கண்டுபிடித்தான். இதன் வயிற்றுக்கு அடியில் ஓரமாகச் சின்னச் சின்ன உலோகப் பட்டைகள், நடுவில் பெரிதாக ஒன்று. அவைதான் போர்டில் ஒட்டுமாம். விற்பனைக்காரர் மாதிரிக்குக் கொடுத்தது. அவள் தொழிற்சாலையில்கூட இன்னும் வரவில்லை. இதைப் போட்டால் மணி துணிக் கிளிப்பைவிடச் சிறிதாகிவிடும்.

கால் உள்ளதையே போடு என்றேன். கால் இருந்தால் ஈயம் பிடித்ததா என்று பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிச் சூடு வைக்கலாம். இதில் எல்லாம் வயிற்றுக்கு அடியில். கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியதை எப்படி நம்புவது?

"நான் தினம் ரோட்டைத் தாண்டுறேனே, எதைப் பார்த்துடா தாண்டுறேன்?" என்றான் லியனார்ட்.

கால் இல்லாததுதான் என்று முடிவாயிற்று.

20 மார்ச், சனி

இஸ்திரிப் பெட்டியை இரண்டு செங்கல்லுக்கு நடுவில் தலைகீழாக நிறுத்தினாள் உர்சுலா. அதுதான் அடுப்பு. போர்டில் ஈயப் பசையைத் தடவி, சிப்பைக் கிடுக்கியால் மேலே வைத்து, போர்டை இஸ்திரிப் பெட்டியின் மேல் வைத்துச் சூடேற்ற வேண்டும். என் மனைவி லூசி உயிரோடு இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைச் சட்டை தேய்த்த பெட்டி அது. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்! திட்டிவிட்டு, கிட்டே வந்து நின்று வேடிக்கை பார்த்திருப்பாள்.

நடுப் பட்டையில் அவள் வைத்த பசை எனக்குப் போதவில்லை. பட்டறையில் ஈயத்துக்குக் கஞ்சத்தனம் செய்த விளக்கு ஒழுகும், இன்ஸ்பெக்டர் தூக்கி எறிவார். இன்னும் வை, இன்னும் வை என்றேன். சிப்போடு வந்த தாளில் கொஞ்சமாகத்தான் போடச் சொல்லியிருக்கிறது என்றாள். நான் விடவில்லை. "சரிப்பா, உங்க கைராசி" என்று வைத்தாள்.

சோதித்தோம். 'கீங்'. வாசுவை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

21 மார்ச், ஞாயிறு

அடிக்கவில்லை.

முதல் கோப்பைக்கு அடித்தது. வாசுவின் கோப்பைக்கு லியனார்ட் ஊற்றினான், ஊற்றினான், ஊற்றிக்கொண்டே இருந்தான் — மணி வாய் திறக்கவில்லை. தேநீர் வழிந்து மேசையெல்லாம் ஓடியது. நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். வாசு துணி எடுத்து மேசையைத் துடைத்தான். திட்டியிருந்தாலாவது தேவலையே.

லியனார்ட் கேட்டான்: "ரொம்பக் கொட்டிருச்சா?"

22 மார்ச், திங்கள்

பத்திரிகை படிக்கப் போகவில்லை. என்ன முகத்தோடு போவது?

23 மார்ச், செவ்வாய்

உர்சுலா போர்டைச் சுடவைத்துச் சிப்பைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் காட்டினாள். நடுவில் பெரிய ஈய உருண்டை. ஒரு பக்கத்துப் பட்டைகளில் ஈயம் சரியாக ஒட்டவே இல்லை.

"பாருங்கப்பா. நடுவுல நிறைய இருந்ததால படகு மாதிரி மிதந்திருக்கு. ஒரு ஓரம் தரை தட்டவே இல்ல. சும்மா தொட்டுக்கிட்டு இருந்திருக்கு, ஆவி பட்டதும் விட்டுருச்சு."

என் கைராசி! முப்பது வருஷம் ஈயத்தோடு பழகினேன் என்ற கொழுப்பு. "விளக்குக்கு நீங்க சொன்னது சரி. இது விளக்கு இல்லப்பா" என்றாள். அப்படியே லூசி.

அவளிடம் இன்னும் ஒரு சிப்தான் இருக்கிறது.

27 மார்ச், சனி

இம்முறை பசை வைக்கச் சொன்னது என்னை. நடுப் பட்டையில் பல் குத்தும் குச்சியால் நான்கு புள்ளி, ஒன்றோடொன்று ஒட்டாமல். 'அ' எழுதப் பழகியபோது பென்சிலைப் பிடித்த மாதிரியே குச்சியைப் பிடித்தேன். ஓரப் பட்டைகளை அவள் பார்த்துக்கொண்டாள்.

சிப்பை வைத்தாள். கொஞ்சம் கோணலாக உட்கார்ந்திருந்தது. சொல்ல வாயெடுத்தேன், பேசாதீங்க என்று கையைக் காட்டிவிட்டு, போர்டை இஸ்திரிப் பெட்டியின் மேல் வைத்தாள். சாம்பல் நிறப் பசை திடீரென்று வெள்ளி போல் மின்னியது. யாரும் தொடவில்லை — அந்தப் பருப்பு தானாக அசைந்து, திரும்பி, நேராக உட்கார்ந்தது. உருகிய ஈயமே அதை இழுத்து உட்கார வைக்குமாம். கிடுக்கி நுனியால் மெல்லத் தள்ளிப் பார்த்தாள். விலகிப் போய், அதே இடத்துக்குத் திரும்பி வந்தது. "பிடிச்சிருச்சு" என்றாள்.

எவ்வளவு விளக்கு செய்திருக்கிறேன்! ஒன்றுகூடத் தானாக நேரானதில்லை.

28 மார்ச், குருத்து ஞாயிறு

மணியை மாட்டிக்கொண்டு லியனார்ட் காலையிலிருந்து ஊற்றுகிறான். தேநீர், வெந்நீர், கஞ்சி. எல்லாவற்றுக்கும் அடிக்கிறது. புது ஸ்டேஷன் கட்டும் இடத்தில் தூண் அடிக்கும் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது. லியனார்ட் பாதி ஆயுளைக் கழித்த ஷெட், தண்டவாளமெல்லாம் இருந்த இடம் அது.

வாசுவுக்குப் போன் செய்தேன். "ஈஸ்டருக்குப் பார்க்கலாம் அங்கிள். வேன் சொல்லிட்டேன்" என்றான்.

4 ஏப்ரல், ஈஸ்டர் ஞாயிறு

வாசு வேனோடு வந்தான். கையில் மடித்த அட்டைப் பெட்டிகள். லியனார்ட் அடுப்பைப் பற்றவைத்தான், கெட்டிலை வைத்தான். என்னால் உட்கார முடியவில்லை. உர்சுலா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

ஊற்றினான். 'கீங்'. நிறுத்தினான். மணியைக் கழற்றி அடுத்த கோப்பையில் மாட்டினான். 'கீங்'. அடுத்தது. 'கீங்'. நான்கு கோப்பை. மேசையில் ஒரு சொட்டு இல்லை.

வாசு குடித்து முடித்தான். வெற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை மாமாவின் பக்கமாக நகர்த்தி, "இன்னும் ஒண்ணு ஊத்துங்க மாமா" என்றான்.

'கீங்'.

5 ஏப்ரல், திங்கள்

அட்டைப் பெட்டிகளைக் காலையில் பழைய பேப்பர்காரன் எடுத்துக்கொண்டு போனான்.

தபசு காலத்து நோன்பு முடிந்துவிட்டது, தேநீருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. லியனார்ட் எனக்கும் ஊற்றினான். நான் பத்திரிகையை விரித்து, மூன்றாம் பக்கத்தில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் படித்தேன்: "ஓய்வு பெற்ற ரயில்வே கிளார்க்குகளுக்கு ஒரு ஜோடி சப்பாத்து இலவசம்."

லியனார்ட் தேநீரை ஒரு மிடறு குடித்தான்.

"என்ன சைஸுன்னு போட்டிருக்கா, பாரு" என்றான்.