பூசை நாளில் போடாத குளிசை

மாமி,

இன்று காலை மருந்துக்கடையில் என் கையிலும் பிரஷர் பட்டையைச் சுற்றினார்கள். அது காற்றை நிரப்பிக் கையை இறுக்கியபோது உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் இருந்தவரை நான் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

மன்னாரிலிருந்து மகன், மருமகள் என்று எங்களிடம் வந்தபோது உங்களுக்கு எழுபது வயது. சீனி வருத்தமும் பிரஷரும் உங்களோடு சேர்ந்தே வந்தன. மொன்ட்ரியாலின் வில்லரேயில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படிதான் ஒரே வழி. பனி கொட்டினாலும் அதில் இறங்கித் தேவாலயத்து ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்விடுவீர்கள்.

கிளினிக்குக்கு உங்கள் மகன்தான் கூட்டிப்போய்ப் பிரெஞ்சில் பேசுவார். ஒவ்வொரு முறையும் பிரஷர் ஏறியே இருந்தது. சீனியோடு இதுவும் சேர்ந்தால் சிறுநீரகம் பழுதாகும், பாரிசவாதம் வரும் என்று எச்சரித்து டொக்டர் மருந்துக் குளிசையைக் கூட்டினார். அடுத்த முறையும் கூட்டினார். நான் உங்களைச் சந்தேகித்தேன்.

"மாமி, எங்களுக்கு ஒளிச்சுக் கருவாடு சாப்பிடுறியளோ?" என்று பிள்ளைகளுக்கு முன்னாலேயே கேட்டேன்.

"இல்லைப் பிள்ளை" என்றீர்கள், கோப்பையைப் பார்த்தபடி.

நான் நம்பவில்லை. ஊறுகாய்ப் போத்தலை உங்கள் கைக்கு எட்டாத தட்டில் ஏற்றினேன். குளிசைகளையும் என் பொறுப்பில் எடுத்தேன். தையல் தொழிற்சாலைக்குப் புறப்படுமுன், நீங்கள் விழுங்கி முடிக்கும்வரை எதிரில் நிற்பேன்.

ஐந்தாம் நாள் ஞாயிறு; வேலை இல்லாவிட்டாலும் அன்றும் எதிரில் நின்றேன். கதிரையில் இருந்து சப்பாத்துப் போட்டீர்கள், எழுந்தீர்கள், கதவைத் திறந்தீர்கள். மூன்றாம் படியில் விழுந்தீர்கள். அன்று படியில் பனியும் இல்லை, ஈரமும் இல்லை. "கண் இருட்டிக்கொண்டு வந்தது" என்று மட்டும் சொன்னீர்கள். வலக்கை மணிக்கட்டு முறிந்திருந்தது.

மாவுக்கட்டோடு வீடு திரும்பியதும் உங்கள் மகன், "இனிக் கோயில் வேண்டாம் அம்மா. வீட்டிலையே செபியுங்கோ" என்றார்.

"முறிஞ்சது கை. கால் இல்லை" என்றீர்கள்.

அவர் எழுந்து போனபின் என்னைப் பக்கத்தில் இருத்தினீர்கள். "பிள்ளை, சலம் போற குளிசையைப் போட்டா அடிக்கடி ஒண்டுக்கு வரும், எனக்குப் பூசை முடியுமட்டும் இருக்கேலாது. கிளினிக்குப் போற பஸ்ஸிலயும் இருக்கேலாது. அந்த நாளுகளில நான் ஒண்டும் போடுறேல்லை."

"ஒண்டுமோ? மற்றக் குளிசையளையும் ஏன் விட்டனீங்கள்?"

"எது சலக்குளிசை எண்டு எனக்குத் தெரியாது. எல்லாம் வெள்ளை."

"டொக்டரிட்டச் சொல்லியிருக்கலாமே, மாமி."

"என்ர மகன் பிரெஞ்சில சொல்ல, நான் சலத்தைப் பற்றிக் கதைக்கிறதோ?"

அப்போதுதான் எனக்குக் கணக்கு விளங்கியது. நீங்கள் குளிசை போடாத நாளின் பிரஷரைப் பார்த்துப் பார்த்தே டொக்டர் கூட்டியிருக்கிறார். கூட்டிய அத்தனையையும் நான் அந்த ஞாயிறும் விழுங்க வைத்து உங்களைப் படியிறங்க விட்டிருக்கிறேன்.

அந்த வாரமே, குளிசைகளையும் போட்டுக்கொண்டு, நாம் இரண்டு பேர் மட்டும் கிளினிக்குக்குப் போனோம். "ஒண்டையும் விடாமல் சொல்லு" என்று கதவடியில் நின்று எனக்குக் கட்டளையிட்டீர்கள். சொன்னேன். டொக்டர் உங்களைப் படுக்க வைத்து அளந்தார். எழுப்பி நிற்க வைத்து மறுபடி அளந்தார். பிரஷர் சரிந்து இறங்கியது. நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"உங்களுக்குப் பிரஷரைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் எழும்பினால் விழுகிற அளவுக்கு அல்ல" என்றார் டொக்டர். ஒரு குளிசையை நிறுத்தினார், இன்னொன்றைப் பாதியாக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சலக்குளிசையைப் பூசை முடிந்து வந்து போடலாம் என்றார். அதைக் கேட்டதும் உங்கள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அதன்பிறகு வீட்டுக்கென்று வாங்கிய பிரஷர் மெசினோடு, கொப்பியும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டீர்கள். இருந்து ஒரு தடவை, நின்று ஒரு தடவை அளந்து, இடக்கையால் கோணல்மாணலாக எழுதினீர்கள். நான் எழுதித் தருகிறேன் என்றாலும் விடவில்லை. ஏழு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, படித்தலைப்பில் நின்று என் கையைத் தட்டிவிட்டீர்கள். "பிடியாதை. பக்கத்தில வா." அப்படியே இறங்கினோம்.

ஆறு வருடம் இறங்கினீர்கள், மாமி. சிறுநீரகம் கடைசிவரை தாங்கியது. போன மாரியில் சளிக்காய்ச்சல்தான் உங்களைக் கொண்டுபோனது.

கருவாட்டுக்காக நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நீங்கள் அதைப் பற்றி ஒருநாளும் கதைக்காதது எனக்கு வசதியாகப் போய்விட்டது. இப்போது கேட்கிறேன்.

உங்களுக்குப் பிறகு, நம் கோயில் பங்கிலுள்ள வயதான பெண்களோடு கிளினிக்குக்கு நானாகவே போய்வரத் தொடங்கினேன். டொக்டரிடம் போகுமுன் ஒன்று கேட்பேன்: "குளிசையை எந்தெந்த நாள் விடுறனீங்கள்?" விடுகிறீர்களா என்று கேட்பதில்லை. பதில் வரும்வரை பேசாமல் இருப்பேன். வருவதை நம்புவேன். வியாழக்கிழமை மொன்ட்ரியால்-நோரில் ஒரு அம்மாவைக் கூட்டிப்போகிறேன். அவருடைய மகனும் வரத்தான் போகிறார். வெளியில் இருக்க வேண்டும் என்று அவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன்.