புல்லு நீட்டுற கை

அன்பின் நிரோவுக்கு,

உன்ரை தங்கச்சியின்ரை கலியாண வேலையள் எப்பிடிப் போகுது? நான் இஞ்சை சுகம்.

நீ ஊருக்குப் போன நாளிலயிருந்து, சாப்பிடேக்கை உன்ரை குதிரைப் படத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறன். ரயில் நிக்கிற ஸ்தாசியோனே பக்கத்துச் சந்தையில வாங்கினதெண்டு சொன்னாய். வெள்ளைக் குதிரையெண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன். கிட்டப் போய்ப் பாத்தால் எல்லாம் நீலமும் மஞ்சளும். கீறின ஆள் வலு கெட்டிக்காரன். நீ துப்புரவு வேலைக்குப் போற மொண்டெல்லோ வீட்டு முதலாளி, அந்தச் சிஞ்ஞோரேயும் குதிரைதானே கீறுறவர்?

நேற்றுத் தூசி துடைக்கேக்கைதான், ஓரத்தில குதிரைக்குப் புல்லு நீட்டுற கையைக் கண்டன். இடக்கை. மணிக்கட்டில கோயில் நூல். இஞ்சத்தை வெள்ளைக்காரியள் நூல் கட்டமாட்டினம். எங்கடை பொம்பிளையள்தான் இடக்கையில கட்டுறவை.

நான் ஒண்டும் கேக்கேல்லை. சந்தையில எத்தினையோ படம் விக்கிறாங்கள்.

அந்தக் கையில, பெருவிரலுக்குக் கீழை ஒரு எரிகாயத் தழும்பும் இருக்கு. அவன் அதையும் விடாமல் கீறியிருக்கிறான். பன்னிரண்டு வருசமாய் உன்னோடை இருக்கிறன். உன்ரை கையில அப்பிடியொரு தழும்பு இருக்கோ எண்டு காலமையிலயிருந்து யோசிக்கிறன். நினைவு வருகுதில்லை.

இப்படிக்கு,
உன்ரை மனுசன்