ஆதிகங்கைப் படித்துறையில் ஒலித்த பெயர்

மேடையில் மூன்று மொழிகளில் முழங்கிவிட்டு, வீட்டில் ஒரே மொழியில் என்னைக் கொஞ்சிய என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆடியில் உங்கள் முதல் திதியும் ஆயிற்று. பவானிபூர் வீட்டில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. உங்கள் பிரம்பு நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

இந்தக் கடிதத்தை அச்சில் கொடுக்கப் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் சொன்னதை ஊரே கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததையும் நாலு பேர் கேட்கட்டுமே. கீழ்வீட்டு ஹேமலதாவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். என் பெயரை மாற்றாதீர்கள் என்றாள்.

மகாளய அமாவாசையன்று காலையில் தம்பி ராஜு தர்ப்பணம் செய்யக் காளிகாட்டுக்குப் போனான். உங்களுக்காக அவன் செய்யும் முதல் மகாளயம். நானும் கூடப் போய்ப் படித்துறையின் மேல்படியில் நின்றேன். ஆதிகங்கையில் தண்ணீர் சேறாக, மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வங்காளிகளுக்கும் பித்ரு நாள் அல்லவா? படியெல்லாம் ஈரவேட்டியும் எள்ளும் பூவுமாகக் கூட்டம். நாலு படி கீழே ஹேமலதாவின் மாமனார், நிர்மலின் அப்பா, தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பித்தளைச் சொம்போடு ஹேமலதா.

சாம்பு வாத்தியாரை உங்களுக்குத் தெரியாதா என்ன. இந்த ஊரில் இருக்கிற தமிழ் வீடுகளின் பித்ருக்கள் எல்லோரும் அவர் தலைக்குள்தான் குடியிருக்கிறார்கள். எந்த வீட்டில் யார் செத்தார்கள், என்ன கோத்திரம், எதையும் எழுதி வைப்பதில்லை. அப்பா சொல்லிவந்த பெயர்களை அப்படியே பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பார். ராஜு ஒவ்வொன்றாகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டான். நீங்கள், தாத்தா, பாட்டி, அம்மா. பிறகு மற்ற உறவும் வேண்டியவர்களுமான காருணிக பித்ருக்கள்: பெரியப்பா, அத்தை, உங்கள் பள்ளிக்கூட வாத்தியார். அதற்கு அடுத்ததாக, கூட்டத்துக்கு மேலே எழும்பிய அந்தப் பெரிய குரலில், காச்யப கோத்திரம் என்று தொடங்கி நிர்மல்குமார் என்று ஒரு பெயரைச் சாம்பு வாத்தியார் சொன்னார்.

ராஜு கையை நிறுத்திவிட்டான்.

“என்னடா முழிக்கறே? உங்கப்பா சொல்லிண்டு வந்த பேரை நான் மறந்துடுவேன்னு நெனச்சியா? வங்காளிப் பையன், கோத்திரம் தெரியாது, காச்யபம்னு வெச்சுக்கோன்னார். சொல்லு, சொல்லு. ஜலத்தை விடு.”

அவன் சொல்லிவிட்டான், அப்பா. தண்ணீரும் விழுந்துவிட்டது.

தமிழ் தெரியாவிட்டால் என்ன? எள்ளும் தண்ணீரும் எதற்கு விடுவது என்று அந்தப் படித்துறையில் யாருக்குத் தெரியாது? நிர்மலின் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. தம் மந்திரத்தைத் தொடர்ந்தார். ஹேமலதாதான் திரும்பி, ராஜுவின் கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

உங்களுக்கு எப்படி மனசு வந்தது? நிர்மல் செத்துவிட்டான் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லையே. பட்டாளத்து ஆபீசிலிருந்து வந்ததெல்லாம் ‘காணவில்லை’ என்ற ஒரு வார்த்தை. பாக்தாத்துக்குப் போகும் வழியில் எங்கேயோ. உடல் இல்லை, நாள் இல்லை, திதி இல்லை. ‘அவன் வருவான், சொபூர் கொரோ மா, பொறுத்திரு அம்மா’ என்று மாடிப்படியில் நின்று ஹேமலதாவிடம் சொன்னது நீங்கள்தானே? உங்கள் தஞ்சாவூர் வங்காளியைக் கேட்டு அந்தத் துக்கத்திலும் அவள் சிரித்திருக்கிறாள். அவளிடம் ஒன்றும் ஆற்றிடம் வேறொன்றும் சொல்லிக்கொண்டிருந்தீர்களா?

பார்க்கில் பட்டாளத்துக்கு ஆள் திரட்டிய அந்தக் கூட்டம் நடந்த சாயங்காலம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. தலைவர்கள் எல்லோரும் அன்றைக்கு ஒரே பேச்சாக இருந்தார்கள். இந்த ஜெர்மன் சண்டையில் சர்க்காருக்குத் தோள் கொடுத்தால் சுயாட்சி தானாக வரும் என்று. அதை நீங்கள் முழுசாக நம்பினீர்கள். தென்னிந்தியர் சபையின் தலைவர் என்று உங்களையும் மேடையில் ஏற்றினார்கள். நீங்கள் சோழனைக் கூப்பிட்டீர்கள். காவிரிக் கரையிலிருந்து ஒரு படை இந்தக் கங்கை வரைக்கும் வந்து, தோற்ற அரசர்களின் தலையில் குடங்களை ஏற்றி கங்கை நீரை ஊருக்குக் கொண்டு போனது என்றீர்கள். பேனா பிடிக்கிற கைக்குத் துப்பாக்கி பிடிக்க வராது என்று உங்களையும் எங்களையும் சொல்கிறார்களே, சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டாமா என்றீர்கள். கை தட்டல் அடங்க நேரமாயிற்று.

கூட்டத்தில் முதலில் எழுந்து நின்றவன் நிர்மல். கல்யாணமாகிச் சில மாதங்கள்கூட ஆகவில்லை. நீங்கள் அவனைப் பார்த்துச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். எல்லோரையும் பார்த்துத்தான் சொன்னீர்கள். ஆனால் அதை ஒருவன் தனக்கென்று எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறி உங்கள் காலைத் தொட்டு வணங்கினான். “ஜேட்டாமஷாய், அந்தக் குடங்களைச் சுமந்தவர்கள் வீடு திரும்பினார்களா?” என்று கேலியாகக் கேட்டான். பெரியப்பா என்கிற உரிமையில் உங்களிடம் எதையும் கேட்பான் அவன். நீங்கள் சிரித்து, முதுகில் தட்டிக்கொடுத்தீர்கள்.

பள்ளிக்கூடத்தில் நான் இப்போதும் சரித்திரம்தான் சொல்லிக் கொடுக்கிறேன். யார் யாரோடு சண்டை போட்டார், எங்கே, யார் ஜெயித்தார். அடுத்த பக்கம் புரட்டினால் அடுத்த அரசன். நடுவில் ஒரு பக்கம் இருக்க வேண்டும் போலத் தோன்றுகிறது எனக்கு. கலிங்கத்தில் பிணங்களைப் பார்த்து ஓர் அரசன் மனம் மாறினான் என்று புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் பிணங்களுக்கு யார் எள்ளும் தண்ணீரும் விட்டார்கள் என்று ஒரு பெண் எழுந்து கேட்டால், நான் என்ன சொல்வேன்?

காளிகாட்டிலிருந்து திரும்பியபின் கீழ்வீடு இரண்டாகிவிட்டது. நிர்மலின் அப்பாவுக்கு ஒரே முடிவு. பஸ்ராவுக்குச் சாமான் கொண்டு போன கப்பல்களின் கணக்கெல்லாம் கார்டன் ரீச்சில் உங்கள் ஆபீஸ் வழியாகத்தான் போயிற்று. படித்த மனிதர், விஷயம் தெரியாமல் பெயர் சொல்லியிருப்பாரா என்றார். தர்ப்பையால் ஒரு உருவம் செய்து எரித்து, காரியத்தை முடித்துவிட வேண்டும் என்றார். நிர்மலின் அம்மா அதற்கு ஒப்பவில்லை. மருமகள் கையில் சங்கு வளையல் இருக்கும் வரையில் தன் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்பது அவள் கணக்கு. மீன் சாப்பிடாவிட்டால் அதட்டுவாள். வகிட்டில் சிந்தூரம் கொஞ்சம் மங்கினாலும் கண்ணீர் விடுவாள். ஒருவர் அந்த வளையலை உடைக்கச் சொல்கிறார், ஒருவர் உடையாமல் காவல் காக்கிறார். கைக்குச் சொந்தக்காரியிடம் யாரும் பேசவில்லை.

அவள்தான் மாடி ஏறி வந்தாள். வங்காளியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“தீதி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஜேட்டாமஷாய்க்குத் தெரியுமா, இல்லே அவரா நெனச்சுண்டாரா?”

எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள் என்றாள். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. வளையலை மட்டும் மேலும் கீழுமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் காளிகாட் சந்துக்குள் வாத்தியார் வீட்டைத் தேடிப் போனேன். ஸ்திரீகள் வந்து கேட்கிற விஷயமா இது என்று முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, நீ என்ன, உங்கப்பா வளர்த்த பொண்ணு, கேக்காம விடுவியா என்று அவரே இறங்கி வந்தார்.

“நானும் கேட்டேனே. சண்டைகூட முடியலை அப்போ. ஏதாவது சேதி வந்துதா ஓய்னு கேட்டேன். வரலைன்னார். பின்னே எதுக்கு, உசுரோட இருக்கறவனுக்கு எள்ளு விடலாமான்னேன். ‘இருந்தா அது அவனைச் சேராது, போறது. இல்லேன்னா? அந்த மணல்ல தாகமா இருக்குமே, சாம்பு’ன்னார். அதுக்கு மேலே நான் என்ன சொல்றது?”

அந்தச் சந்திலிருந்து டிராம் நிறுத்தம் வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. உங்கள் கடைசி ஆடி மாதத்தில் ஜுர வேகத்தில் ‘கீழே யாரு படி ஏறறது, பாரு’ என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். யாரும் இல்லை அப்பா என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அதற்குக் கொஞ்சம் முன்னால் பஞ்சாபில் கூட்டத்தைச் சுட்ட அந்தச் செய்தி வந்தபோது, பேப்பரை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டீர்கள். தோள் கொடுத்ததற்குக் கிடைத்தது அதுதானா என்று நான் கேட்கவில்லை. இரண்டிரண்டாகத் தாவும் அந்தக் காலடியை இப்போது நான் கேட்கிறேன். சாயங்காலம், கீழே சங்கு ஊதி முடிந்தவுடன். கதவைத் திறந்து பார்ப்பதில்லை.

ஹேமலதாவிடம் ஏன் வேறு மாதிரி சொன்னீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. புரிவதுதான் சங்கடம்.

பத்து வயதில் எனக்குத் தாலி இறங்கியது. தாலி கட்டிய அந்தப் பிள்ளையின் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை. பந்துக்கள் எல்லோரும் கூடி என் தலையை மழிக்க நாவிதரை வரவழைத்திருந்தார்கள். நீங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை. சோழனையும் யாரையும் கூப்பிடவில்லை. பொழுது சாய்ந்து அவர்கள் கலையும் வரை வெறுமனே நின்றீர்கள். பிறகு சென்னையில் பள்ளிக்கூடம், கல்லூரி, இந்த ஊர். உங்கள் வாழ்க்கையில் நீங்கள் ஒரே ஒருத்திக்குத் தலைவராக இருந்த நாள் அது என்று நினைக்கிறேன். இன்னொரு பெண்ணுக்கு அந்தக் கூட்டம் கூடுவதைப் பார்க்க உங்களால் முடியவில்லை. அதனால் அவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டீர்கள். அப்படித்தானே?

வாத்தியார் சொன்னதைக் கீழ்வீட்டில் எல்லோருக்கும் எதிரில் சொன்னேன். சேதி எதுவும் வரவில்லை, அப்பா பயந்து செய்தார், அவ்வளவுதான் என்று. நிர்மலின் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உருவம் எரிக்கும் பேச்சு அதோடு நின்றது. அவன் அம்மா ஜெயித்துவிட்டவள் போல எழுந்து, மருமகளின் வகிட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

ஹேமலதா அந்தக் கையை மெதுவாக விலக்கினாள். என்னைத்தான் பார்த்தாள்.

“அவருக்குத் தாகமா இருக்கும்னு ஜேட்டாமஷாய்க்குத் தோணியிருக்கு. எனக்கு?”

இதற்கு என்ன பதில்? உங்களிடம் இருக்கிறதா, அப்பா? பொறுத்திரு என்று சொன்னவர், எதுவரைக்கும் என்று சொல்லாமல் போய்விட்டீர்களே?

கடைசியில் அவளே சொன்னாள். படிக்க வேண்டும், உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். ஆத்துக்காரன் இல்லாதபோது வெளியே போகிறவளா என்று மாமியார் ஆரம்பித்தாள். நான் பேசவில்லை. அவர்கள் வாசற்படியில் போய் நின்றேன். நிற்கத் தெரியும் எனக்கு, உங்கள் பெண்தானே. விளக்கு வைக்கும் நேரம் வந்தது. அப்புறம், போகட்டும், வளையல் கையில் இருக்கட்டும் என்றாள் கிழவி.

அது இருக்கிறது. கடைசி பெஞ்சில், சின்னப் பெண்களோடு உட்கார்ந்து எழுதுகிறாள். பலகையில் அந்த வளையல் படும் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்கிறது. முதலில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்போது பழகிவிட்டது. சரித்திரப் பாடத்தில் அவள் என்னைக் கேள்வி கேட்கிறாள், அப்பா. பலவற்றுக்கு எனக்கு விடை தெரியவில்லை.

பார்க்கில் மறுபடியும் மேடை கட்டுகிறார்கள். புதுத் தலைவர்கள், புதுப் பேச்சு. இந்தத் தடவை துப்பாக்கி இல்லை என்கிறார்கள். பையன்களைக் கல்லூரியை விட்டு வெளியே வரச் சொல்கிறார்கள். நியாயமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு நீங்கள் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. இன்னாரின் பெண், நன்றாகப் பேசுவாள் என்று மாதர் சபையிலிருந்து என்னையும் கேட்டு வந்தார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. என்றைக்காவது ஏறினால், முதலில் எழுந்து நிற்பவனின் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளாமல் மேடையை விட்டு இறங்க மாட்டேன். இது ஒன்று.

இன்னொன்று ஹேமலதா கேட்டது. அவள் வந்து சொல்லும் வரைக்கும் அந்தப் பெயரைத் தர்ப்பணத்தில் சொல்லக் கூடாது என்றாள். சொல்ல வேண்டிய நாள் எது என்று அவள்தான் முடிவு செய்வாளாம். அது அடுத்த மகாளயமாக இருக்கலாம், அவள் கிழவியான பிறகும் இருக்கலாம். சாம்பு வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். தலையில் இருப்பதை எப்படி எடுப்பது அம்மா என்று அலுத்துக்கொண்டார். எடுக்க வேண்டாம், வாயில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நிர்மல் அந்த மணலில் இருந்தால், தாகமாகத்தான் இருப்பான். தண்ணீர் நம் வாசலில் ஓடுகிறது, ஒரு கை அள்ளி விடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? என்றாலும் விட மாட்டேன், அப்பா. அவள் சொல்லாமல் ராஜுவையும் விட விடமாட்டேன். அங்கே உங்களிடம் வந்து நிர்மல் தண்ணீர் கேட்டால், நீங்கள் அவளிடம் சொன்னதையே அவனிடமும் சொல்லுங்கள்.

பொறுத்திரு என்று.

வாசற்படியில் நின்றபடி,
நீங்கள் நின்று காத்த மகள்,
விசாலம்